வந்துட்டேன், வந்துடறேன்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. நல்ல பெயர்தான். ஆனால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதும் இல்லை. வாட்ச்மேன், பால்காரர், எதிர்வீட்டு டிரைவர் எல்லோருக்கும் அவள் ‘வந்துட்டேன் அக்கா’. வாட்ச்மேன் சூட்டிய பட்டம் அது. அந்தப் பெரிய வீட்டின் எந்த அறையிலிருந்து யார் ‘ஏம்மா’ என்று குரல் கொடுத்தாலும், அந்த ‘மா’ முடிவதற்குள் சமையலறைப் பக்கமிருந்து ‘வந்துட்டேன்மா’ என்று பதில் வந்துவிடும். ஆள் வரக் கொஞ்சம் நேரமாகும். கையில் சோப்பு நுரை இருக்கும், அடுப்பில் பால் இருக்கும், மாடிப்படியைப் பாதி துடைத்த நிலையில் இருப்பாள். குரல் மட்டும் முந்திக்கொண்டு ஓடிப்போய்க் கைகட்டி நின்றுவிடும்.

அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்னும் வராதவள் ‘வந்துட்டேன்’ என்கிறாள். பொய்தானே என்றால், இல்லை. வீட்டு வேலை செய்கிறவர்கள் வாயில் அது சத்தியவாக்கு. சொன்னால் வந்தே தீருவார்கள். அதற்கு ஒரு தங்கச்சி வார்த்தை உண்டு, ‘வந்துடறேன்’. கேட்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அதைச் சொன்னவரிடம் எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது. அக்கா முதல் வார்த்தையை அந்த வீட்டுக்குக் கொடுத்தாள், இரண்டாவதைப் பெற்ற மகளுக்குக் கொடுத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. யார் இதையெல்லாம் வேண்டுமென்று செய்கிறார்கள்?

சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் நிற்கும் அறைதான் அவளுடைய அறையும். இயந்திரத்துக்குப் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, சுவரில் ஓர் ஆணி. புருஷன் என்று ஒருவன் இருந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான். கைக்குழந்தையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். தங்கி வேலை செய்ய வேண்டும், குழந்தையைக் கூட்டிவரக் கூடாது. அப்படித்தான் பேச்சு. வீட்டுக்காரம்மா ஒன்றும் ராட்சசி இல்லை. பழைய துணி கொடுப்பாள், தலைவலி என்றால் மாத்திரை கொடுப்பாள், ‘நீ இல்லாம என்னால முடியாதும்மா’ என்று வாய் நிறையச் சொல்வாள். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அக்கா ஏமாந்தாள்.

மகள் நாலு தெரு தள்ளிச் சித்தி வீட்டில் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இந்த வீட்டின் பின்பக்கக் கேட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ என்பாள். சமையலறை ஜன்னலில் அக்காவின் முகம் தெரியும்.

“வந்துடறேன் கண்ணு.”

பை முதுகில் தொங்க அந்தக் குழந்தை கேட்டோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே யாராவது விருந்தாளி வந்திருப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்காரம்மாவின் மாமியாருக்குப் படுக்கையில் துணி மாற்ற வேண்டியிருக்கும். சில நாள் அக்கா ஓடிவந்து கம்பிக்கு நடுவே கையை விட்டு முகத்தைத் தடவிவிட்டு ஓடுவாள். பல நாள் அதுவும் நடக்காது. இருட்டத் தொடங்கியதும் வாட்ச்மேன்தான் கூட்டிப்போய்ச் சித்தி வீட்டில் விடுவார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாடகம் போட்டபோது மகளுக்கு நிலா வேஷம். மேடையில் நின்றுகொண்டு நிலா வாசலையே பார்த்ததாம். சித்தி சொல்லி அக்காவுக்குத் தெரியும். அன்று இங்கே வீடு நிறைய ஆட்கள்.

ஒரு சாயங்காலம் கேட்டில் நின்றுகொண்டு மகள் கேட்டாள்.

“அம்மா, அவங்க கூப்பிட்டா மட்டும் வந்துட்டேன்னு சொல்றே. எனக்கு ஏன் வந்துடறேன்னு சொல்றே?”

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த வாண்டுக்கு எவ்வளவு வாய் பாருங்கள் என்று உள்ளே போய் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள். வீட்டுக்காரம்மாவும் சிரித்தாள், சாப்பாட்டு மேஜையில் எல்லோரிடமும் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை புத்திசாலி, நன்றாகப் படிக்க வை என்றார் வீட்டுக்கார ஐயா. கேட்டில் நின்ற குழந்தைக்குப் பதில் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சிரித்து முடித்து அக்கா ஜன்னலுக்கு வந்து பார்த்தபோது கேட்டில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு மகள் பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

மகள் வளர்ந்து, தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை நல்லவன், ஆயுசுதான் குறைச்சல். ஒரு பெண் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். தையல் கம்பெனியும் ஒருநாள் ஷட்டரை இறக்கியது. மகள் குழந்தையோடு திரும்பவும் சித்தி வீட்டுக்கே வந்தாள். அங்கே இங்கே வேலை தேடினாள், கிடைத்தது நிலைக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க அந்தப் பின்பக்கக் கேட்டுக்கே வந்து நின்றாள்.

“வெளிநாட்டுல வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கறாங்கம்மா. பேர் எழுதிக் குடுத்துட்டேன்.”

“வீட்டு வேலைக்கா? நான் இந்தக் கையால தேய்ச்சது போதாதா? உன்னை எதுக்குடி படிக்க வச்சேன்?”

“படிச்சதுக்கு வேலை கிடைச்சா நான் ஏன் போறேன்?”

“குழந்தை?”

“சித்தி பார்த்துக்கும். என்னைப் பார்த்துக்கலையா?”

“அது வேற. நான் நாலு தெரு தள்ளித்தானே இருந்தேன். நீ கடல் தாண்டிப் போறேங்கறே.”

மகள் அம்மாவை நேராகப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள்.

“நாலு தெரு தள்ளி இருந்தும் நீ வரலையேம்மா. கடலாயிருந்தா என்ன?”

அக்கா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளே மேலே பேசினாள்.

“ஒன்னு மட்டும் கேக்கறேன். போற அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு வா. குழந்தையை சித்தி கையில குடுத்துட்டுப் போக மனசு வரல. உன் கையிலதான் குடுப்பேன். நீ வாங்கி சித்தி வீட்டுல விடு, அது பரவாயில்ல. நான் திரும்பிப் பார்க்கும்போது அவ உன் இடுப்புல இருக்கணும். இந்த ஒரு தடவை வந்துடும்மா.”

“கண்டிப்பா வரேன் கண்ணு. என் மேல சத்தியம்.”

சத்தியம் செய்தாளே, மனதாரச் செய்தாள். அன்றே வீட்டுக்காரம்மாவிடம் லீவும் கேட்டாள். அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்து லீவு கேட்டதே அபூர்வம். ‘பார்க்கலாம்’ என்றாள் வீட்டுக்காரம்மா.

இந்தச் சமயத்தில்தான் சினிமா வந்து சேர்ந்தது. வீட்டுக்காரம்மாவின் தங்கை மகன் சினிமாப் படிப்புப் படித்தவன். சின்ன வயதில் லீவுக்கு வந்தால் அக்கா ஊட்டினால்தான் சாப்பிடுவான். இப்போது தாடி வைத்திருந்தான். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றி அவன் படம் எடுக்கப்போகிறானாம், அதுவும் இந்த வீட்டிலேயே எடுக்கப்போகிறானாம். அக்கா அவனைப் படக்காரத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அவன் நல்ல பிள்ளை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சமையலறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடிக் கணினியில் ஊர் உலகத்துப் படங்களையெல்லாம் அக்காவுக்குக் காட்டினான். அவள் காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள். ஒரு படத்தில் பனி கொட்டியது, ஒன்று கறுப்பு வெள்ளை, ஒன்றில் பேசிய மொழி தொண்டைக்குள் கல் உருளுவது போலிருந்தது. எல்லாவற்றிலும் வேலைக்காரப் பெண் வந்தாள். கதவைத் திறந்தாள். வந்தவர்களின் கோட்டை வாங்கி மாட்டினாள். தட்டை ஏந்தி வந்தாள், கீழே போட்டாள், திட்டு வாங்கினாள். ஒருத்தி நகையைத் திருடினாள். ஒருத்தியை முதலாளி கெடுத்தான். ஒருத்தி முதலாளியம்மாவைக் கொன்றே போட்டாள். அதைப் பார்த்து அக்கா ‘அடப்பாவமே’ என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“எல்லா நாட்டுலயும் இப்படித்தான்க்கா. வேலைக்காரங்கன்னா கதவு திறக்கத்தான் வருவாங்க. நான் அப்படி எடுக்கப் போறதில்ல.”

அக்கா கேட்டாள். “தம்பி, இவங்களுக்கெல்லாம் புள்ளைங்க இருக்கா?”

“இருக்கும்க்கா. படத்துல காட்ட மாட்டாங்க.”

“அதுங்களை யாரு பார்த்துக்கறா?”

தம்பி மடிக் கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அக்காவுக்கு ஒரே கவலை. மறுநாள் வந்து சொன்னான், படத்தின் முடிவையே மாற்றிவிட்டானாம். கடைசிக் காட்சியில் அந்த வேலைக்காரப் பெண்ணின் குழந்தை எங்கேயோ தூரத்திலிருந்து ‘அம்மா’ என்று கூப்பிடும். அவள் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ‘வந்துட்டேன் கண்ணு’ என்று போய்விடுவாள். திரையில் காலிச் சமையலறை மட்டும் இருக்கும், குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

“எங்க போவா தம்பி?” என்றாள் அக்கா.

“குழந்தைகிட்ட.”

“தண்ணியை மூடிட்டுப் போகக் கூடாதா?”

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

படப்பிடிப்பு நடந்தது. வேலைக்காரியாக நடித்த பெண் பளபளவென்று இருந்தாள். முகத்தில் மை பூசிக் கொஞ்சம் மங்கலாக்கினார்கள். அவள் துடைத்த தரையை அக்கா மறுபடி துடைத்தாள். வீட்டில் அத்தனை பேருக்கும் டீ போட்டதும் அக்காதான். எல்லாம் முடிந்து ஒருநாள் தம்பியும், படப்பிடிப்பில் மைக் பிடித்தவரும் வந்து நின்றார்கள். நடிகையின் நடிப்பு பிரமாதம், குரல்தான் ஒட்டவில்லையாம். முதலாளியம்மா கூப்பிட்டால் அவள் பதில் சொல்வது டெலிபோன் எடுத்துப் பேசுவது போலிருக்கிறதாம். அக்கா வந்து குரல் கொடுத்தால் படத்துக்கே உயிர் வந்துவிடும் என்றார்கள். ரெக்கார்டிங் தேதியையும் சொன்னார்கள். மகள் கிளம்பும் அதே நாள்.

“அன்னிக்கு நான் ஏர்போர்ட் போகணும் தம்பி.”

“சாயங்காலம்தானேக்கா ஃப்ளைட்? காலையில ரெண்டு மூணு வரி பேசிட்டு நீங்க கிளம்பிடலாம். என் காரே கொண்டுபோய் விடும்.”

வீட்டுக்காரம்மா நடுவில் வந்தாள். “அன்னிக்குத்தானே லீவு கேட்டே? எடுத்துக்கோம்மா. அங்க போய் அவன் வேலையை முடிச்சுக் குடுத்துட்டு அப்படியே பொண்ணைப் பார்க்கப் போயிடு. ரெண்டும் ஆச்சு.”

எவ்வளவு அழகாக முடிச்சுப் போட்டாள் பாருங்கள். லீவு கிடைத்துவிட்டது, ஆனால் அதன் வாலில் ஒரு வேலையும் தொங்கியது. மாட்டேன் என்று சொல்ல அக்காவின் வாய்க்குப் பழக்கமில்லை. அதோடு, ஒளிப்பானேன், அவளுக்குள்ளே ஓர் ஆசையும் இருந்தது. அவளிடமிருந்த எல்லாவற்றையும் அந்த வீடு வாங்கிக்கொண்டது, கை, கால், இடுப்பு, தூக்கம். அவளுடைய குரல் நன்றாக இருக்கிறது என்று அன்றுவரை யாரும் சொன்னதில்லை. மகளிடம் போனில் சொன்னாள்: “காலையில ஒரு சின்ன வேலை இருக்கு கண்ணு. முடிச்சுட்டு நேரா வந்துடறேன்.” அந்தப் பக்கம் மகள் ‘சரிம்மா’ என்று மட்டும் சொன்னாள்.

ரெக்கார்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். போன் சத்தம் வரக் கூடாது என்று அவளுடைய போனை வாங்கி அணைத்து வெளியே மேஜைமேல் வைத்தார்கள். காதில் பெரிய ஹெட்போனை மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி உட்கார்ந்திருந்தான்.

முதலாளியம்மா கூப்பிடும் இடங்கள் எல்லாம் சடசடவென்று முடிந்தன. ஹெட்போனில் ‘ஏம்மா’ என்று ஒரு குரல் கேட்க வேண்டியதுதான், அக்கா தன்னை மறந்து ‘வந்துட்டேன்மா’ என்றுவிடுவாள். ஒரு தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சும்மா யாரையோ கூப்பிட்டதற்கும் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இவ்வளவுதானா, இதோ கிளம்பிவிடலாம் என்று அவளுக்கு மனசு லேசானது.

கடைசிக் காட்சி வந்தது. ஹெட்போனில் ஒரு குழந்தை, தூரத்திலிருந்து, ‘அம்மா’ என்றது.

“வந்துடறேன் கண்ணு” என்றாள் அக்கா.

“அக்கா, வந்துட்டேன். வந்துட்டேன் கண்ணு.”

“ஆமா தம்பி. தெரியும். வாய் தவறிடுச்சு.”

மறுபடி குழந்தை கூப்பிட்டது. மறுபடி ‘வந்துடறேன் கண்ணு’. நம்புவது கஷ்டம்தான். தாளில் எழுதி எதிரே ஒட்டி வைத்தார்கள், அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். தனியாகச் சொல்லச் சொன்னால் சொன்னாள். குழந்தைக் குரலைக் கேட்டதும் நாக்கு பழைய தடத்துக்கே போய்விட்டது. குழந்தைக்குப் பதில் சொல்லும் வார்த்தை அவள் வாயில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தம்பிக்கு முகம் சிவந்தது, மைக் பிடித்தவர் டீ சொன்னார். மணி என்ன என்று அக்கா கேட்டாள். ‘நேரம் இருக்குக்கா, பதறாதீங்க’ என்றார்கள். ஜன்னல் இல்லாத அறையில் வெயில் எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் மைக் பிடித்தவர்தான் கதவைத் திறந்து உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “அம்மா, அந்தக் குரலை விடுங்க. உங்களுக்கு மகள் இருக்கால்ல? அவங்க கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்குங்க. கண்ணை மூடிக்குங்க.”

அக்கா கண்ணை மூடினாள். கேட் கம்பி தெரிந்தது. முதுகில் பை தெரிந்தது. நிலா வேஷம் போட்ட முகம், அவள் ஒருநாளும் பார்த்திராத அந்த முகம், வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. ஹெட்போனில் குழந்தை ‘அம்மா’ என்றது.

“வந்துட்டேன் கண்ணு” என்றாள். “இதோ வந்துட்டேன்டா.”

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இதுதான்க்கா. இதுதான் படம்” என்றான். அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே ஓடினாள். தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. போனை உயிர்ப்பித்தால், வரிசையாக மகள் கூப்பிட்ட கணக்கு வந்துகொண்டே இருந்தது. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

கார் போனது, நின்றது, போனது, நின்றது. சாயங்கால நேரத்து நெரிசலில் யார் என்ன செய்ய முடியும்? அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டிரைவர் பாவம், சந்து பொந்தெல்லாம் புகுந்து பார்த்தார். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெட்டி தள்ளும் வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில், தங்கச்சி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள கூப்பிட்டுட்டாங்கக்கா. கதவுகிட்டயே நின்னா, நின்னா, கடைசி ஆளாத்தான் போனா. போகும்போது போனையும் என்கிட்ட குடுத்துட்டா, அங்க இது வேலை செய்யாதாம். நீ கூப்பிட்டது கேட்டுச்சு, எனக்கு எடுத்துச் சொல்ல மனசு வரல.”

அக்கா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். உள்ளே யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். பார்க்க வேண்டியவள் பார்க்காதபோது இடுப்பில் குழந்தை இருந்து என்ன பயன்?

“அம்மா போகும்போது என்னடா சொல்லிச்சு?”

குழந்தை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னது. “பாட்டி வருமான்னு நான் கேட்டேன். பாட்டி வந்துடறேன்னுதானே சொல்லிச்சு, அப்போ வராதுன்னு அம்மா சொல்லிச்சு.”

அது சாதாரணமாகத்தான் சொன்னது, அர்த்தம் தெரியாமல். அக்கா அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். டிரைவர் கார் நிறுத்திய இடத்தில், வண்டியை எடுக்கச் சொல்லி யாரோ விசில் அடித்தார்கள்.

படம் வெளிவந்தது. ஊரில் பெரிதாக ஓடவில்லை, வெளிநாடுகளில் போட்டுப் பரிசு கொடுத்தார்கள். படத்தின் கடைசிக் குரலைக் கேட்டு அந்நிய தேசத்துக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம், அவர்களுக்கு மொழியே தெரியாதாம், அடியில் எழுத்து ஓடுமாம். தம்பிதான் போன் பண்ணி அக்காவிடம் அதைச் சொன்னான். வீட்டுக்காரம்மாவுக்கோ பெருமை பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் எல்லோரையும் கூப்பிட்டு ஹாலில் பெரிய டிவியில் படத்தைப் போட்டாள். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று அன்று பேத்தி அக்காவோடு இருந்தாள். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, ‘சமையலறையிலேயே இருக்கட்டும், என்ன’ என்றாள்.

ஹாலில் படம் ஓடியது. சமையலறையில் அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ‘ஏம்மா’ என்று ஹாலிலிருந்து அதிகாரமாக ஒரு குரல் கேட்டது.

“வந்துட்டேன்மா” என்று ஈரக்கையோடு ஓடிவந்து வாசற்படியில் நின்றாள் அக்கா.

அதே நேரத்தில் டிவிக்குள்ளிருந்தும் ‘வந்துட்டேன்மா’ என்று அவள் குரலே கேட்டது. கூப்பிட்டது படத்தில் வரும் முதலாளியம்மா. ஒரு கணம் ஹாலே விழித்தது. பிறகு சிரிப்பு வெடித்ததே, ஒரு பெரியவருக்குப் புரையேறிவிட்டது. “ஐயோ, இதைத்தான் படமா எடுத்திருக்கணும்” என்றார் ஒருவர். வீட்டுக்காரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்து, “வந்ததே வந்தே, டீ கொண்டாம்மா” என்றாள். அக்காவும் சிரித்தாள். படத்தில் கூப்பிட்டதற்கெல்லாம் ஓடிவந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது கடைசிக் காட்சி வந்தது. ‘அம்மா’ என்றது குழந்தை. ‘வந்துட்டேன் கண்ணு. இதோ வந்துட்டேன்டா’ என்றது அவள் குரல். ஹாலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பேத்தி சமையலறைத் தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“பாட்டி, யார்கிட்ட சொன்னே?”

“உங்க அம்மாகிட்ட” என்றாள் அக்கா. பால் பொங்கி வழிந்ததைத் துடைக்க வேண்டியிருந்தது.

அந்தப் படம் போகாத ஊரில்லை போலிருக்கிறது. மழைக்காலம் முடிந்த சமயத்தில், ஒரு சாயங்காலம், மகளிடமிருந்து போன் வந்தது. மகள் எப்போதும் தங்கச்சி வீட்டுக்குத்தான் பேசுவாள். அக்காவுக்கு நேராகப் பேசுவது குறைவு, பேசினாலும் உடம்பு எப்படி, குழந்தை எப்படி என்பதோடு சரி. அன்றும் பேத்தி அக்காவோடுதான் இருந்தாள். இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பின்பக்கக் கேட்டுக்கு வந்துவிடுவாள், அக்கா யாருக்கும் தெரியாமல் உள்ளே அழைத்துத் துணி இயந்திரத்துக்குப் பின்னால் உட்காரவைப்பாள். அந்த மட்டில் அக்கா கொஞ்சம் தேறியிருந்தாள்.

“அம்மா, நீ சினிமாவுல பேசினியா?” என்றாள் மகள்.

அக்கா அடுப்பைத் தணித்தாள்.

“இங்க எங்க மேடம் நேத்து ஹாலுல ஏதோ படம் போட்டாங்க. நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். ஒரு குழந்தை அம்மான்னு கூப்பிடுது. நீ வந்துட்டேன் கண்ணுன்னு சொல்றே. கையில இருந்த தட்டை அப்படியே போட்டுட்டு ஹாலுக்கு ஓடினேம்மா. நீ இங்க வந்துட்டேன்னே நினைச்சுட்டேன். பைத்தியம் மாதிரி.”

“கண்ணு…”

“ஓடிப்போய்ப் பார்த்தா டிவியில வேற ஒரு சமையலறை. ஆளே இல்ல, தண்ணி மட்டும் போயிட்டிருக்கு. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்து என்ன வேணும்னு கேட்டாங்க. ஒன்னுமில்லன்னு உள்ள போயிட்டேன். இங்க குழாயையும் நான் மூடாமத்தான் ஓடியிருக்கேன்.”

மகளே மறுபடி கேட்டாள்.

“அன்னிக்குக் காலையில சின்ன வேலைன்னு சொன்னியே, அது இதுதானா?”

“ஆமாடா. உன்னை நினைச்சாத்தான் அந்த வார்த்தை வந்துச்சு. அதுக்குள்ள இருட்டிடுச்சு.”

“என்னை நினைச்சுத்தான் சொன்னியா?”

“உன்னைத்தான். நீ நிலா வேஷம் போட்டு நின்னதை நினைச்சுக்கிட்டு சொன்னேன்.”

அந்தப் பக்கம் மகள் அழுவது கேட்டது. சின்ன வயதில் அழுதது போலவே, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து. திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அக்கா காத்திருந்தாள். மகள் கடைசியாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி விடும்மா. நல்லாத்தான் சொல்லியிருந்தே. குழந்தைகிட்ட குடு” என்றாள்.

பேத்தி போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். போன் பழசு, உள்ளே பேசுவது வெளியே பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்.

“அம்மா, நீ எப்போ வருவே?”

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அங்கே, எங்கேயோ உள்ளறையிலிருந்து, ஒரு பெண் குரல் கூப்பிட்டது. மகள் அந்த நாட்டு மொழியில் சட்டென்று ஒரு வார்த்தை சொன்னாள். சின்ன வார்த்தை. அந்தக் குரல் கூப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். அக்காவுக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வந்துடறேன் கண்ணு” என்றாள் மகள் குழந்தையிடம், அவசரமாக. போன் அணைந்தது.

பேத்தி போனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். விமான நிலையத்தில் கேட்டதை அவள் மறந்திருக்கவில்லை. குழந்தைகள் எதைத்தான் மறக்கிறார்கள்?

“பாட்டி, அம்மா வந்துடறேன்னு சொல்லிச்சு.”

“ம்.”

“அப்போ வராதா?”

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். வரும் என்று சொல்ல வேண்டும், எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் ஹாலிலிருந்து வீட்டுக்காரம்மா ‘ஏம்மா’ என்றாள்.

“வந்துட்டேன்மா” என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனாள்.